கடல் இல்லாத மதுரையில் ஆழ்கடல் திட்டம்: ஆர்.ஓ.வி.யா, லேண்டரா, காணொளிப் பதிவுகளா?

மதுரையிலிருந்து மண்டபம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தாலும் கரையோரத்தில் கிடைப்பது ஆளுயரம், இரண்டாள் உயரத் தண்ணீர்தான். ஆழ்கடல் என்ற கணக்கு 200 மீட்டருக்குக் கீழே தொடங்குகிறது. கடல்தரையின் ஆழ்பள்ளங்களான அகழிகளின் உலகம் 6,000 மீட்டருக்கும் கீழே. அப்படியிருக்க, மதுரைப் பக்கத்துக் கல்லூரி அணி ஒன்று 'ஆழ்கடல் ஆய்வு' என்று திட்டப்பணிக்குப் பெயர் கொடுத்தால், உண்மையில் எதைச் செய்து காட்ட முடியும்?

வழிகள் மூன்று. கேபிளில் கட்டி மேலிருந்து ஓட்டும் ஆர்.ஓ.வி. செய்யலாம். எடை கட்டிக் கீழே இறக்கி, பதிவு முடிந்ததும் மேலே எடுக்கும் லேண்டர் செய்யலாம். எதையும் செய்யாமல், ஆய்வுக் கப்பல்கள் பொதுவில் வெளியிடும் காணொளிகளை வைத்து உயிரியல் வேலை பார்க்கலாம். ஐந்தாறு மாணவர்கள், ஒரு கல்வியாண்டு, 20 மீட்டர் ஆழம் என்ற அளவை வைத்துக்கொண்டே இங்கே ஒப்பிடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: முதல் முறை இறங்கும் அணிக்கு லேண்டர்தான். ஆர்.ஓ.வி. கண்காட்சியில் கைதட்டல் வாங்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அது இரண்டாம் ஆண்டு வேலை.

காற்றறைகளை எண்ணுங்கள்

தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுமார் 1 பார் அழுத்தம் கூடும். 110 மி.மீ. பிவிசி குழாயின் மூடிக்குப் பரப்பு 95 சதுர செ.மீ. 20 மீட்டர் ஆழத்தில் அந்த ஒரு மூடியின் மேல் ஏறி உட்காருவது கிட்டத்தட்ட 195 கிலோ. அதே மூடி 6,000 மீட்டரில் இருந்தால் 58 டன். மூன்று பேர் உட்காரும், நம் நாட்டின் மத்ஸ்யா 6000 ஆழ்கடல் கலத்தின் கோளம் 2.1 மீட்டர் விட்டத்தில், 80 மி.மீ. தடிமனுள்ள டைட்டானியக் கலவையில் செய்யப்பட்டிருப்பது இதற்காகத்தான்.

அந்த ஆழத்து உயிர்களிடம் இத்தனை தடிமனான சுவர் எதுவும் கிடையாது. 2022-இல் ஜப்பானின் இசு-ஒகசவாரா அகழியில் 8,336 மீட்டரில் படம்பிடிக்கப்பட்ட நத்தைமீன்தான் இதுவரை பதிவான மீன்களில் மிக ஆழத்தில் இருந்தது. கூழ் போன்ற உடல், செதில் இல்லை, நீந்தும் மீன்களில் பலவற்றுக்கு இருக்கும் காற்றுப்பையும் இல்லை. உள்ளே காற்றே இல்லாத உடம்பை வெளியழுத்தம் நசுக்க முடியாது. மிஞ்சுவது மூலக்கூறு அளவிலான சிக்கல்: அதிக அழுத்தத்தில் புரதங்கள் வடிவம் குலையும். அதைத் தடுக்க டிஎம்ஏஓ என்ற பொருளை மீன்கள் திசுக்களில் சேர்த்து வைக்கின்றன, ஆழம் கூடக் கூட அதிகமாக. ஏறத்தாழ 8,200 முதல் 8,400 மீட்டரில் அந்தச் சேமிப்பு ஒரு எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் சேர்த்தால் உடலில் கரைந்திருக்கும் பொருட்களின் மொத்தச் செறிவு கடல்நீரையும் மிஞ்சி, தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். மீன்களின் கீழெல்லை அங்கே இருப்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியக் காரணம் இது. அதற்கும் கீழே, அகழியின் அடிமட்டம் வரை, ஆம்ஃபிபாட் என்ற சிறு இறால் போன்ற உயிர்கள் கூட்டமாகத் திரிகின்றன.

பொறியாளர்களும் இதே வழியில்தான் போகிறார்கள். ஆழ்கடல் மோட்டார்களை எண்ணெயால் நிரப்பி, உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமமாக இருக்கும்படி செய்கிறார்கள். இதைப் பார்க்கக் கடலுக்குப் போகத் தேவையில்லை. மதுரை மாவட்டத்துப் போர்வெல்லில் நூறு, இருநூறு மீட்டர் ஆழத்தில் ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாரைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் காயிலைச் சுற்றித் தண்ணீரே நிரப்பியிருக்கும். அழுத்தத்தோடு மல்லுக்கு நிற்காமல் உள்ளே விட்டுவிடுகிறது. கேபிள் ஜாயின்ட்டை ரப்பர் டேப் சுற்றி நீர்புகாமல் கட்டும் வேலையை, மோட்டார் காயில் கட்டும் கடைக்காரரைவிட நன்றாக எந்த இணையப் பாடமும் சொல்லித்தராது. அணியிலிருந்து இரண்டு பேர் ஒருநாள் அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வரவேண்டும்.

ஆகவே எந்த வடிவமைப்பை எடுத்தாலும் முதல் கேள்வி, அதில் எத்தனை காற்றறைகள் என்பது. மாணவர் ஆர்.ஓ.வி.யில் கேமரா டப்பா, சர்க்யூட் டப்பா, மிதவைகள், மோட்டார் உறைகள் என்று ஆறேழு வந்துவிடும். லேண்டரில் ஒரு கேமரா உறை, ஒன்றிரண்டு மிதவை. நீர் புகும் வாய்ப்பும் அதே கணக்கில்தான்.

பெரிய ஆய்வுகளில் எது என்ன கொண்டுவந்தது

1960 ஜனவரி 23-இல் ட்ரியெஸ்ட் கலம் இரண்டு பேரோடு மரியானா அகழியின் அடியைத் தொட்டது. மிதவைக்கு பெட்ரோல், எடைக்கு இரும்புக் குண்டுகள். மேலே வர குண்டுகளைக் கொட்டிவிட வேண்டும். பெட்ரோல் ஏன் என்றால் அது தண்ணீரைவிட இலேசு, காற்றைப் போல நசுங்காது. ஆள் போகும் கலங்களின் ஆபத்தை 2023 ஜூனில் டைட்டன் காட்டியது: கார்பன் இழையால் ஆன உடல் நொறுங்கி, உள்ளே இருந்த ஐவரும் இறந்தனர். ஆளில்லாக் கருவிகளும் தப்பவில்லை. ஜப்பானின் கைகோ 1995-இல் 10,911 மீட்டர் வரை போன ஆர்.ஓ.வி.; 2003-இல் கேபிள் அறுந்து தொலைந்தது. அமெரிக்காவின் நெரியஸ் 2014-இல் கெர்மடெக் அகழியில் சுமார் 9,900 மீட்டரில் உடைந்து சிதறியது. நம் நாட்டுக் கணக்கில், சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் (என்.ஐ.ஓ.டி.) ரோசப் 6000 என்ற ஆர்.ஓ.வி. 2010-இல் 5,289 மீட்டரைத் தொட்டிருக்கிறது.

மேலே சொன்ன 8,336 மீட்டர் மீனைப் படம்பிடித்துக் காட்டியது ஆள் போன கலமும் இல்லை, ஆர்.ஓ.வி.யும் இல்லை. இரை கட்டிய கேமராவோடு தானாக விழுந்து, எடையை உதறிவிட்டு மேலே வந்த லேண்டர். கேபிள் கிடையாது, ஓட்டுபவர் கிடையாது, ஒரே கப்பலிலிருந்து மூன்று நான்கு லேண்டர்களை வரிசையாகப் போடலாம்.

அதற்காக லேண்டரைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். அது விழுந்த இடத்தில் கிடக்கும். இரைக்கு வரும் உயிர்களை மட்டும் காட்டும். குரில்-கம்சட்கா, அலூசியன் அகழிகளில் 9,533 மீட்டர் வரை குழாய்ப்புழுக்களும் சிப்பிகளும் அடர்ந்த கூட்டங்கள் இருப்பதை 2025-இல் உலகுக்கு அறிவித்தவர்கள், சீனாவின் ஃபென்டோஷே கலத்தில் ஆளே இறங்கித் தேடியவர்கள். வேதிப்பொருளிலிருந்து ஆற்றல் எடுக்கும் அந்தப் புழுக்கள் கானாங்கெளுத்தித் துண்டைத் தேடி வரப்போவதில்லை. தேடிப் போகும் கருவிக்கு ஒரு இடம், காத்திருக்கும் கருவிக்கு ஒரு இடம்.

ஆர்.ஓ.வி.: சிக்கல் எல்லாம் கேபிளில்

வழக்கமான மாணவர் வடிவம் இது: 25 மி.மீ. பிவிசி குழாயில் சட்டம், படகில் தேங்கும் நீரை இறைக்கும் 12 வோல்ட் பில்ஜ் பம்ப் மோட்டார் மூன்று, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு விசிறி, மேலே சுவிட்ச் பெட்டி, நடுவே 30 மீட்டர் கேபிள். அணிகள் முதலில் சறுக்கும் இடம் கேபிள்தான். கையில் கிடைக்கும் கேட்-5 நெட்வொர்க் கேபிளிலேயே மோட்டாருக்கும் மின்சாரம் அனுப்புவார்கள். அந்தக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 84 ஓம். 30 மீட்டர் போக, 30 மீட்டர் வர, மொத்தம் 5 ஓம். 3 ஆம்பியர் கேட்கும் மோட்டாருக்கு இதில் 15 வோல்ட் இழப்பு வரவேண்டும். பேட்டரியே 12 வோல்ட்தான். மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்கு மாறினால் போக-வர 0.44 ஓம், மூன்று மோட்டாரும் சேர்ந்து 9 ஆம்பியர் இழுக்கும்போது 4 வோல்ட் இழப்பு. ஓடும், ஆனால் கேபிள் தடித்துக் கனத்து, வண்டியையே இழுத்துப் பிடிக்கும். பேட்டரியை வண்டிக்குள்ளேயே வைத்தால் கேபிள் மெலியும். பதிலுக்கு இன்னொரு காற்றறை சேரும்.

கம்பியே வேண்டாம், வைஃபை போதும் என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அந்த அலைவரிசையைத் தண்ணீர் சில சென்டிமீட்டரிலேயே விழுங்கிவிடும். படத்துக்கு மலிவான வழி, சாதாரண அனலாக் சிசிடிவி கேமராவும் இரு முனையிலும் ஒரு வீடியோ பலுனும் (படச் சைகையை நெட்வொர்க் கேபிளில் அனுப்ப உதவும் சிறு இணைப்பி). கேட்-5 கேபிள் அந்த வேலைக்கு நன்றாகவே உதவும். எந்த சிசிடிவி கடையிலும் கிடைக்கும்.

மிதவையில் இன்னொரு பொறி இருக்கிறது. காலி தண்ணீர் பாட்டிலைக் கட்டினால் மேற்பரப்பில் வண்டி சமநிலையாக நிற்கும். 10 மீட்டரில் உள்ளே இருக்கும் காற்று பாதியாகும், 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்காகும். மிதப்பு போய்விட, வண்டி கல்லாக இறங்கும். தெர்மோகோலும் நசுங்கும் ரகம்தான். மூடி ஒட்டிய கெட்டியான பிவிசி குழாயே மிதவைக்கு நல்லது.

எலக்ட்ரானிக்ஸ் துறையிலிருந்து இரண்டு பேராவது அணியில் இருந்து, அடுத்த ஆண்டும் தொடர்வார்கள் என்றால் ஆர்.ஓ.வி.யை எடுங்கள். என்.ஐ.ஓ.டி. நடத்தும் மாணவர் தானியங்கி நீர்மூழ்கிப் போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தாலும் இந்த அனுபவம் உதவும். செலவு லேண்டரைப் போல இரண்டு மூன்று மடங்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லேண்டர்: எப்படிக் கட்டுவது, எங்கே கெடும்

சட்டத்துக்கு அலுமினிய ஆங்கிளில் முக்காலி, உயரம் 1 மீட்டர். உச்சியில் கேமரா, கீழ்நோக்கி. கால்களுக்கு நடுவே இரைத் தட்டு. அதில் 10 செ.மீ. இடைவெளியில் கறுப்பு-வெள்ளைக் கோடுகள், மீனின் நீளத்தை அளக்க. கோடு போட மறந்தால் பதிவு முழுக்க 'ஒரு மீன் வந்தது' என்பதோடு நின்றுவிடும்.

கேமரா உறைக்கு 110 மி.மீ. பிவிசி குழாய், ஒரு முனையில் ஒட்டிய மூடி, மறுமுனையில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வைத்த 10 மி.மீ. அக்ரிலிக் வட்டு. குழாய் வாங்கும்போது கவனம் தேவை. கழிவுநீர்க் குழாய் வேண்டாம். விவசாயக் குழாயில் எழுதியிருக்கும் 6 கிலோ, 10 கிலோ என்பதெல்லாம் உள்ளிருந்து வரும் அழுத்தத்துக்கான எண்கள். வெளியிலிருந்து நசுக்கும் அழுத்தத்துக்கு வேறு கணக்கு. அங்கே சுவர்த் தடிமனின் மும்மடி (கியூப்) தான் பேசும். நீளமான 110 மி.மீ. குழாயில் சுவர் 5 மி.மீ. என்றால் சுமார் 6 பாரில் நசுங்கும், 3 மி.மீ. என்றால் ஒன்றரை பாரைக்கூடத் தாங்காது, அதாவது 15 மீட்டருக்குள்ளேயே போய்விடும். குட்டையான துண்டு இதைவிடக் கொஞ்சம் அதிகம் தாங்கும், ஆனால் அதை நம்பிக் கட்டாதீர்கள். கடையிலேயே வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள்.

இதே 5 மி.மீ. குழாயில் 60 செ.மீ. துண்டை இருபுறமும் மூடினால் மூன்றரை முதல் 4 கிலோ தூக்கும் மிதவை கிடைக்கும். எடை இல்லாத நிலையில் முழு லேண்டரும் 2 கிலோ மிதப்போடு இருக்கும்படி பாருங்கள். பிறகு கீழே இழுக்க எடை. 5 கிலோ இரும்பு தண்ணீருக்குள் 4.4 கிலோ, 5 கிலோ கான்கிரீட் தண்ணீருக்குள் 2.9 கிலோதான். கான்கிரீட் கட்டியவர்களின் லேண்டர் ஆடி அசைந்து இறங்கி, நீரோட்டத்தில் ஒதுங்கிப் போவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்.

கிணற்றில் சரிபார்த்த மிதப்பு கடலில் அப்படியே இருக்காது. கடல்நீர் 2.5 சதவீதம் கனம். மொத்தம் 12 லிட்டர் இடம் பிடிக்கும் லேண்டர் மண்டபத்தில் 300 கிராம் கூடுதலாக மிதக்கும். ஆகவே 100 கிராம் இரும்பு வாஷர்களை ஒரு பை நிறைய எடுத்துப் போங்கள்.

எடையை விடுவிப்பதில் மூன்று வழி. ஒன்று, விடுவிக்கவே வேண்டாம், கயிற்றில் இழுத்துவிடலாம். 20 மீட்டருக்கு இதுவே போதும், இதையே பரிந்துரைக்கிறோம். பாலிப்ரொப்பிலீன் கயிறு மிதக்கும், நைலான் கயிறு மூழ்கும்; படகின் விசிறியில் சிக்காமல் இருக்க மேல்பகுதிக்கு நைலானும், அடியில் பாறையில் மாட்டாமல் இருக்கக் கீழ்ப்பகுதிக்கு பாலிப்ரொப்பிலீனும் கட்டுவது நல்லது. இரண்டு, கரையும் இணைப்பு: கெட்டிக் கல்கண்டோ உப்புக்கட்டியோ கரைந்ததும் கொக்கி விலகும். கரையும் நேரம் துண்டின் அளவு, நீரின் சூடு, ஓட்டம் மூன்றையும் பொறுத்து மாறும். வாளியில் பலமுறை நேரம் பார்க்காமல் நம்பக்கூடாது. மூன்று, துருவேறா எஃகுக் கம்பியில் 12 வோல்ட் செலுத்தி அரித்து அறுப்பது. உண்மையான ஆழ்கடல் கருவிகளில் இருக்கும் முறை, கடலில் சில நிமிடங்களில் அறும். மதுரைக் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு உப்புக் கரித்தாலும் கடல்நீரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் குறைவாகத்தான் மின்சாரம் கடத்தும். கிணற்றில் வேலை செய்யவில்லை என்று சர்க்யூட்டைப் பிரிக்காதீர்கள். வாளித் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கல்லுப்பு போட்டுச் சோதியுங்கள்.

விளக்கை லென்ஸுக்குப் பக்கத்திலேயே மாட்டுவது பரவலான தவறு. தண்ணீரில் மிதக்கும் தூசெல்லாம் பளிச்சிட்டுப் படம் பனிமூட்டமாகும். 40, 50 செ.மீ. தள்ளி, பக்கவாட்டில் சாய்த்து மாட்டவேண்டும். ஆழ்கடல் ஆய்வில் சிவப்பு விளக்கை விரும்புவார்கள், அங்குள்ள பெரும்பாலான உயிர்களுக்குச் சிவப்பு தெரியாது என்பதால். ஆனால் தண்ணீர் சிவப்பைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். இரைக்கும் விளக்குக்கும் இடையே தூரம் 1 மீட்டரைத் தாண்டிக் கூடக் கூட வெளிச்சம் மங்கிவிடும். வெள்ளையும் சிவப்பும் மாற்றி மாற்றி எரியவைத்து, எதில் மீன்கள் அதிக நேரம் நிற்கின்றன என்று எண்ணினால் அதுவே உருப்படியான ஆய்வுக் கேள்வி.

இரைக்கு மத்தி மீன் ஒரு கிலோ, லேசாக நசுக்கி, வலைப்பையில். பதிவு ஒரு மணி நேரம். ஒவ்வொரு இறக்கத்துக்கும் புதிய மீன். பழசை மறுபடி போட்டால் ஒப்பிட முடியாது.

நீர்க்கசிவுச் சோதனையில் முதல் இறக்கத்துக்குக் கேமரா போகக்கூடாது. உறைக்குள் டிஷ்யூ காகிதமும் கேமரா எடைக்கு ஒரு கல்லும் வைத்து அரை மணி இறக்குங்கள். ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி போதும், தண்ணீர் வர. கசிவு 2 மீட்டரில் வந்து 15 மீட்டரில் நின்றுவிடுவதும் உண்டு: ஆழத்தில் அழுத்தமே வட்டை இறுக்கிப் பிடிக்கிறது, மேலே பிடிக்க ஆளில்லை. அப்போது போல்ட்டை இறுக்க வேண்டும். மதுரை ஈரக்காற்றோடு மூடினால் உள்ளே வியர்க்கும். ஏசி அறையில் வைத்து, சிலிக்கா ஜெல் 20 கிராம் போட்டு மூடுங்கள்.

20 மீட்டருக்கு மேல் கனவு காண்பவர்கள், 6 அங்குலத் தடித்த இரும்புக் குழாயில் கிளாஸ் 150 ஃபிளேஞ்ச் வெல்டிங் செய்து, கேமரா உறையை அதற்குள் வைத்து, பிளம்பிங் ஒப்பந்தக்காரர்கள் வைத்திருக்கும் கை ஹைட்ரோ டெஸ்ட் பம்பை இணைத்தால் 10 பார் வரை, அதாவது 100 மீட்டர் ஆழத்தை, பட்டறையிலேயே பார்க்கலாம். வெல்டிங் தெரிந்தவர் செய்யவேண்டும். துளி காற்று இல்லாமல் தண்ணீரால் நிரப்பவேண்டும். அழுத்திய காற்று வெடிக்கும்.

காணொளிப் பதிவுகள்: உண்மையான ஆழம் இங்கேதான்

ஒரு வேடிக்கை: மூன்று வழிகளில் நிஜ ஆழ்கடல் உயிர்களைப் பார்க்கப்போவது எதையும் கட்டாத அணிதான். அமெரிக்காவின் ஒகேனோஸ் எக்ஸ்ப்ளோரர் ஆய்வுக் கப்பல், ஷ்மிட் கடலாய்வு நிறுவனத்தின் சுபாஸ்டியன் ஆர்.ஓ.வி. ஆகியவற்றின் இறக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன. ஃபாதம்நெட் என்ற படத்தொகுப்பில் பெயர் குறித்த படங்கள் கிடைக்கும். ஆழ்கடல் தரையில் இதுவரை கண்ணால் பார்த்தது 0.001 சதவீதம்தான் என்று 2025-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது; பார்த்ததிலேயே எண்ணப்படாதது நிறைய இருக்கிறது.

விலங்கியல் மாணவர்களுக்கு இது நல்ல தேர்வு. கெடும் இடம் ஒன்றே: படத்தைப் பார்த்து இனப்பெயர் வரை எழுதிவிடுவது. மாதிரி கையில் இல்லாமல் பெரும்பாலும் குடும்பம் அல்லது பேரினத்தோடு நிற்கவேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, பிறகு ஒப்பிட வேண்டும். திரையில் தெரியும் இரு லேசர் புள்ளிகளுக்கு இடைவெளி 10 செ.மீ.தானா என்று அந்தக் கப்பலின் குறிப்பில் பார்த்துக்கொண்டு அளக்கவேண்டும். பெயர்களை, கடல் உயிர்களின் பெயர்களைத் தொகுத்திருக்கும் வோர்ம்ஸ் பட்டியலில் சரிபார்க்கவேண்டும். லேண்டர் அணியில் இரண்டு பேர் இதைத் தனியே செய்தால், மழை வந்து கிணற்று வேலை நின்றாலும் திட்டப்பணி நிற்காது.

எங்கே சோதிப்பது, எப்போது

ஐம்பது, அறுபது அடி விவசாயக் கிணறு இதற்கென்றே வெட்டியது போல இருக்கும்: ஓட்டம் இல்லை, நேர் ஆழம், மேலிருந்து கயிறு விட வசதி. பம்ப்செட்டின் மெயினை நிறுத்தி, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்கவேண்டும். மின்கசிவு உள்ள கிணற்றுத் தண்ணீர் ஆளைக் கொல்லும். விளிம்பில் நிற்பவருக்கு லைஃப் ஜாக்கெட்டும் இடுப்புக் கயிறும் கட்டாயம். மாட்டிக்கொண்ட கருவிக்காக யாரும் இறங்கக்கூடாது. ஃபுட்வால்வு குழாய் இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து எதிர்ப்பக்கம் இறக்குங்கள். மேலூர்ப் பக்கக் கல்குவாரிப் பள்ளங்கள் வேண்டவே வேண்டாம்: செங்குத்துக் கரை, ஏற வழி இல்லை. வைகை அணை 71 அடி நிறையும்போது ஆழம் கிடைக்கும், ஆனால் நீர்வளத் துறை அனுமதியும் கலங்கலும் இரண்டு தடைகள்.

கடலுக்கு, மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுப் பகுதி என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் இரைகூடப் போடக்கூடாது. எடையைக் கடலடியில் விட்டு வருவதும் ஆகாது. பூங்கா எல்லைக்கு வெளியே போனாலும், ஒயர் தொங்கும் கருவியோடு படகில் இருப்பதை மண்டபம் கடலோரக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இலங்கைக் கடல் எல்லை பக்கத்தில் இருக்கிறது.

கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், கலங்கிக் கிடக்கும். வாடை அடிக்கும் காலத்தில் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம். இரண்டும் அடங்குவது பிப்ரவரி, மார்ச்சில். ஏப்ரல் 15-இல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கிவிடும். ஆகவே ஜூலைக்குள் வரைபடம், ஆகஸ்டில் குழாயும் சட்டமும், செப்டம்பரில் டிஷ்யூ காகிதச் சோதனை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் கிணற்று இறக்கங்கள், நவம்பரில் வனத்துறைக்கு விண்ணப்பம், பிப்ரவரியில் மண்டபம் என்று பின்னோக்கி எண்ணித் தேதி குறியுங்கள். ஆர்.ஓ.வி. எடுத்தவர்கள் இதே அட்டவணையில் செப்டம்பரில் இன்னும் கேபிளோடு போராடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குக் கடல் அடுத்த ஆண்டு பிப்ரவரி.